இகத்புரியின் ஒலிநாடாவும் கந்துபொடவின் குருவும்

மும்பையிலிருந்து நாசிக் போகும் வழியில், மலைமேல் இருக்கிறது இகத்புரி. அங்குள்ள தம்மகிரி மையத்தில் விடியற்காலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். பத்து நாள் முகாம். பேச்சு, கைபேசி, புத்தகம், பேனா எதுவும் கூடாது. கட்டணம் கிடையாது. சொல்லித்தருவது பெரும்பாலும் 2013இல் மறைந்த சத்ய நாராயண கோயங்காவின் பதிவுசெய்த குரல்தான். முதல் மூன்று நாள் நாசியில் மூச்சு வந்துபோவதைக் கவனிக்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை உடலுணர்ச்சிகளைக் கவனிக்க வேண்டும். கால் மரத்துப்போனாலும் அசையாமல் இருக்கவேண்டிய ஒரு மணி நேர அமர்வுகளும் உண்டு. சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்து மையத்திலும் இதே அட்டவணை, இதே குரல்.

இலங்கையில், கம்பஹா மாவட்டத்துக் கந்துபொடவில் காட்சி வேறு. வெள்ளை உடுத்தி, எட்டுச் சீலம் ஏற்று, நண்பகலுக்குப் பின் உண்ணாமல் இருப்பவர்கள் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கிறார்கள். வலி வந்தால் ‘வலி, வலி’ என்றும், நினைவு ஓடினால் ‘நினைக்கிறேன்’ என்றும் மனதுக்குள் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு குருவிடம் போய், நடந்ததைச் சொல்லித் திருத்திக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு முறையுமே பர்மாவிலிருந்து வந்தவை. மாண்டலேயில் பிறந்த வணிகரான கோயங்கா, ஒற்றைத் தலைவலி தாங்காமல் ஊ பா கின் என்ற அரசுக் கணக்கு அதிகாரியிடம் தியானம் கற்று, 1969இல் இந்தியா வந்தார். கந்துபொட பின்பற்றுவது 1950களில் இலங்கையை எட்டிய, பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறை. புத்தர் ஞானம் பெற்ற நாடும் பாலி நூல்களைக் கட்டிக்காத்த தீவும் பயிற்சியை இறக்குமதி செய்துகொள்ள வேண்டியிருந்தது!

கோயங்கா அந்தப் பயிற்சியை மதத்திலிருந்து பிரித்தே தந்தார். அதனால்தான் 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள், மத வேறுபாடின்றி, ஒரே முகாமில் உட்கார முடிந்தது. ஊருக்கு ஊர் மாறாத பாடம் ஆய்வாளருக்கும் வசதி. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் குழுவினர் சியாட்டில் சிறையொன்றில் இதே முகாமை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர்: முகாமில் கலந்துகொண்டவர்களிடம் விடுதலைக்குப் பின் மது, போதைப் பழக்கம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. விரும்பி வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

பெயர் சூட்டிக் குறிக்கும் கந்துபொட வழக்கத்துக்கும் ஆய்வகத்தில் ஓர் ஒப்புமை உண்டு. உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் பரபரப்பு தணிகிறது என்று உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியது. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தது தியானமன்று; முகப் படங்கள்தான்.

இலங்கை மரபின் உண்மையான பலம் இன்னும் பழையது. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் 40 தியானப் பொருள்களை அடுக்கி, ஆளின் இயல்பை ஆறாகப் பிரித்து, யாருக்கு எது பொருந்தும் என்கிறது. கோபக்காரருக்கு மைத்திரி என்னும் அன்புத் தியானம், எண்ணம் ஓயாதவருக்கு மூச்சு. எல்லாருக்கும் ஒரே மருந்து என்ற நினைப்பே அதில் இல்லை. கண்டிக்கு அருகே நிலம்பே மையத்தில் கற்பித்த கொட்வின் சமரரத்ன, துறவியல்லாத ஆசிரியர்; தன்மீதே தனக்கு நட்பு வேண்டும் என்பதில் அழுத்தம் கொடுத்தவர். (போயா எனும் முழுநிலா நாளில் எல்லா விகாரையிலும் இந்த நுணுக்கம் கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். பல இடங்களில் பகல் முழுக்க ஒலிபெருக்கியில் அறவுரை. தியானம் கொஞ்ச நேரந்தான்.)

ஆளுக்கேற்ற தியானம் என்ற கேள்விக்கு உளவியல் தாமதமாகத்தான் வந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானிகள் சிலர் கடும் அச்சம், தூக்கமின்மை, தன்னுணர்வு குலைதல் ஆகியவற்றைச் சந்தித்தது பதிவானது. கோயங்கா முகாமின் விண்ணப்பமும் மனநோய் உண்டா என்று கேட்கத்தான் செய்கிறது. துணை ஆசிரியரை நண்பகலில் சந்திக்கவும் முடியும். ஆனாலும் பாடத்தை ஒருவருக்காக மாற்றுவது அந்த அமைப்புக்குக் கடினம். அட்டவணையில் நடைத் தியானத்துக்கே இடமில்லை. மகாசி முறையிலோ இருப்பும் நடையும் மாறிமாறி வரும். கலங்கிப் போனவரை அதிகம் நடக்கச் சொல்லவோ, சில நாள் மைத்திரிக்குத் திருப்பவோ குருவால் முடியும்.