மனவடுவும் தனிமனித நீதியும்: சிறுவாச்சூர் மதுரகாளி முதல் அந்நியன் வரை

பெரும் இழப்பால் உள்ளம் புண்பட்ட ஒருவர், சட்டத்தைத் தம் கையில் எடுத்துக் குற்றவாளிகளைத் தண்டிப்பது சூப்பர் ஹீரோ கதைகளில் அடிக்கடி காணப்படும் அமைப்பாகும். 1939-இல் அறிமுகமான பேட்மேன், சிறுவயதில் தன் பெற்றோர் கண்ணெதிரே கொல்லப்பட்டதைக் கண்டவன். 1962-இல் அறிமுகமான ஸ்பைடர்மேன், தான் தப்பவிட்ட திருடனிடமே தன்னை வளர்த்தவரைப் பறிகொடுத்தவன். தமிழில் இவ்வமைப்பு மிகப் பழையது. பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூரில் வழங்கும் மதுரகாளியம்மன் கதையையும், 2005-இல் வெளிவந்த அந்நியன் திரைப்படத்தையும் இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தண்டனை முடிந்தபின் புண்பட்ட மனம் என்ன ஆகிறது என்ற கேள்வியில் இவ்விரண்டும் வேறுபடுகின்றன.

காப்பியக் கண்ணகி

சிலப்பதிகாரத்தில் கண்ணகி எடுத்தவுடன் பழிவாங்கப் புறப்படவில்லை. அரசவைக்குச் சென்று வழக்குரைக்கிறாள். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைச் சான்றாகக் காட்டுகிறாள். பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் துறக்கிறான். வழக்கில் அவள் வென்றுவிட்டாள். ஆயினும் சினம் அடங்கவில்லை, மதுரை எரிகிறது. முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்டிர் முதலியோரைத் தீண்டலாகாது என்று தீக்கு அவள் வரம்பு விதிப்பதும் கவனிக்கத்தக்கது. நீதி கிடைப்பதும் மனம் ஆறுவதும் ஒன்றல்ல என்பதை இளங்கோவடிகள் இங்கே காட்டிவிடுகிறார்.

சிறுவாச்சூர்க் கதை

சிறுவாச்சூர், பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் உள்ளது. அவ்வூர்க் கதையின்படி, மதுரையை எரித்தபின் சினம் தணியாமல் வந்த கண்ணகியே மதுரகாளி. அப்போது அங்கிருந்த செல்லியம்மனை மந்திரவாதி ஒருவன் தன் மந்திர வலிமையால் அடக்கி வைத்திருந்தான். இரவு தங்க இடம் கேட்டு வந்த காளி, செல்லியம்மனின் துயரை அறிந்து மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் அவ்விடத்தைக் காளிக்குக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். இக்கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மட்டும் திறக்கப்படுவதற்கும் இக்கதையே காரணமாகக் கூறப்படுகிறது.

காப்பியத்தில் கண்ணகி மதுரையிலிருந்து மேற்கே சேர நாட்டு மலைக்குச் செல்கிறாள். சிறுவாச்சூரோ வடகிழக்கில் உள்ளது. ஆகவே இக்கதையை வரலாறாகக் கொள்வதைவிட, மக்கள் காப்பியத்துக்குத் தந்த வேறொரு முடிவாகக் கொள்வதே பொருந்தும். அந்த முடிவில் அவளுடைய சினம், துன்பப்படும் மற்றொருத்தியின் காவலாக மாறுகிறது. பிறகு அவளுக்கு ஓர் இடமும், வந்து பார்க்க மக்களும், படைக்க மாவிளக்கும் கிடைக்கின்றன.

உளவியல் பார்வை

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நடந்த நிகழ்வு மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுதல், அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், எப்போதும் விழிப்பும் பதற்றமுமாக இருத்தல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். 1992-இல் வெளியான தம் நூலில் ஜூடித் ஹெர்மன், மீட்சிக்கு மூன்று கட்டங்களைக் கூறுகிறார்: பாதுகாப்பை உறுதிசெய்தல், நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், மக்களோடு மீண்டும் இணைதல். பழிவாங்கும் கற்பனை வேதனையைத் தீர்ப்பதில்லை, வளர்க்கவே செய்கிறது என்பது அவர் கருத்து. சிறுவாச்சூர்க் கதையின் முடிவு இவற்றுள் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நெருக்கமானது.

அந்நியன்

ஷங்கர் இயக்கத்தில் விக்ரம் நடித்த இப்படத்தில், அம்பி சிறுவயதில் தன் தங்கை மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இறப்பதைப் பார்க்கிறான். கடமை தவறிய ஊழியருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. வழக்கறிஞராக வளர்ந்த அவனுக்குள் அந்நியன் என்ற வேறோர் ஆளுமை தோன்றி, கருட புராணத் தண்டனைகளின்படி கொலைகள் செய்கிறது. பொறுப்பின்மையால் நேரும் சாவும் கொலைக்கு நிகர்தான் என்ற படத்தின் வாதம் வலுவானது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நாட்டில் அதற்குக் கைதட்டல் கிடைத்ததில் வியப்பில்லை.

ஆனால் நோயைக் கையாண்ட விதத்தில் படம் சறுக்குகிறது. ஆளுமைப் பிளவு உடையவர்கள் பிறரைவிடத் தங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். படமோ அந்நோயைக் கொலைத் திறனாக மாற்றிவிடுகிறது. சிகிச்சை முடிந்து விடுதலையான அம்பி, இறுதிக் காட்சியில் தங்கையின் சாவுக்குக் காரணமானவனை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டு, அதை மனைவியிடமிருந்து மறைக்கிறான். இதைத்தான் படம் குணமடைதலாகக் காட்டுகிறது. தங்கைக்காக அவன் உட்கார்ந்து அழ ஒரு காட்சிகூடத் தேவைப்படவில்லை.

அரியலூர் தரும் மாற்று

பொறுப்பின்மைச் சாவுக்கு வேறு வகை எதிர்வினையும் உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சேதமடைந்து, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இதனால் இறந்தவர்கள் மீளவில்லை; குடும்பங்களின் துயரும் தீரவில்லை. ஆயினும் நடந்ததற்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு என்பது வெளிப்படையாக ஏற்கப்பட்டது. அம்பியின் குடும்பத்துக்கு மறுக்கப்பட்டது இந்த ஏற்புதான். அது கிடைத்திருந்தால் அந்நியனுக்கு வேலையே இருந்திருக்காது.

மதிப்பீடு

தனிமனித நீதிக் கதைகள், அமைப்புகள் தவறும் இடத்தைச் சரியாகச் சுட்டுகின்றன. ஆனால் புண்ணையே ஆயுதமாக்கும் கதை, அந்தப் புண் ஆறாமல் இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடுகிறது. ஆறிவிட்டால் கதையைத் தொடர முடியாது. பேட்மேனின் துயர் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம். மதுரகாளியின் கதை மந்திரவாதியின் அழிவோடு நின்றுவிடவில்லை. கொடுமை செய்தவனைத் தண்டிப்பதோடு, கொடுமைக்கு ஆளானவளுக்கு இருக்க இடம் தருவதும் நீதியின் பகுதி என்பதை அக்கதை மறக்கவில்லை.