ஓப்பன்ஃபுளோ: பதிப்பு மாற்றமும் இணைந்தியங்கும் தன்மையும்

ஓப்பன்ஃபுளோ என்பது வலையமைப்புச் சுவிட்சுகளை மையக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று இயக்க உதவும் நெறிமுறையாகும். இணைப்பு ஏற்படும்போது இரு முனைகளும் பொதுவான ஒரு பதிப்பைத் தேர்ந்துகொள்கின்றன. ஆனால், கட்டுப்பாட்டு மென்பொருளின் மேல் இயங்கும் செயலி எந்தப் பதிப்பை எண்ணி எழுதப்பட்டது என்பதை இந்த உடன்பாடு பார்ப்பதில்லை.

எந்த விதிக்கும் பொருந்தாத பொதியை, 2009இல் வெளியான 1.0 பதிப்பு கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு அனுப்பியது. 2012இல் வந்த 1.3 பதிப்போ, அதற்கெனத் தனி விதி எழுதப்படாவிட்டால் பொதியைக் கைவிடுகிறது. பழைய செயலியை அப்படியே 1.3இல் இயக்கினால், பிழைச் செய்தி ஏதுமின்றிப் பொதிகள் மறையும்.

தகவல் மாதிரியில் ஒரு புலம் நீக்கப்பட்டால் பிழை வெளிப்படும். இயல்பு நடத்தை மாறினால் வெளிப்படாது. எனவே பதிப்பு எண் ஒத்துப்போவது மட்டுமே இணைந்தியங்கலுக்குச் சான்றாகாது.