ஏவலும் தோழமையும்: கணிப்பொறிக் கதை விளையாட்டுகளில் துணைமாந்தர்

முன்னுரை

கதைத் தலைவன் தனியே செல்வதில்லை. தோழர், ஏவலர், உறவினர் எனப் பலர் அவனுடன் செல்வர். அவர்கள் தலைவனின் பெருமையை அளக்கும் கோலாக அமைதலும் உண்டு. அவன் காணாத குறையைக் கண்டு உரைப்போராக அமைதலும் உண்டு. கணிப்பொறித் திரையில் நிகழும் கதை விளையாட்டுகளிலும் இத்தகைய துணைமாந்தர் உளர். மாயமும் மந்திரமும் வாட்போரும் மலிந்த கற்பனை உலகில், ஆடுவோன் ஒரு தலைவனின் வேடம் பூண்டு உலவும் விளையாட்டுகளையே ஈண்டு நாம் எடுத்துக்கொள்கின்றோம். தலைவனை இயக்குவோன் ஆடுவோன். துணைமாந்தரைப் பெரும்பாலும் இயக்குவது கணிப்பொறி.

இத்துணைமாந்தரைக் குறித்து ஆடுவோர் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றே: சொன்னதைச் செய்கின்றனரா? குறுகிய வாயிலை அடைத்து நிற்கின்றனர், பகைவர் கூட்டத்துள் தனியே பாய்கின்றனர், அரிய மருந்தைச் சிறு காயத்திற்குச் செலவிடுகின்றனர் என்பனவே அவர்மீது சுமத்தப்படும் குற்றங்கள். ஏவல் தவறாமையே துணையின் சிறப்பு என்னும் கருத்து இக்குற்றச்சாட்டுகளின் அடியில் உள்ளது. இக்கருத்து பாதியளவே உண்மை. ஏவலை மறுக்கும் ஆற்றல் துணைவனின் இயல்பினின்றும் பிறக்குமாயின், அங்கேதான் அவன் கதைமாந்தனாக உயிர் பெறுகின்றான் என்பதே நம் துணிபு. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

துணைமாந்தர் தோன்றிய வரலாறு

இவ்விளையாட்டுகளின் மூலம் மேசைமேல் காயுருட்டி ஆடும் ஓர் ஆட்டமாகும். 1974 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் பெயரில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பதே அது. அதன்கண் தலைவன் கூலிக்கு ஆள் அமர்த்தலாம். அவ்வாறு அமர்ந்தோர் தலைவன்பால் கொண்ட பற்று, அவனது கவர்ச்சியாற்றலைச் சார்ந்து எண்ணால் அளக்கப்பெற்றது. பற்றினை எண்ணாக்கும் வழக்கம் அன்றே தோன்றிவிட்டமை நோக்கத்தக்கது.

1985 இல் ரிச்சர்டு கேரியட் படைத்த அல்டிமா நான்காம் பகுதியில், எட்டு அறங்களுக்கு எட்டு வகையினர் என்னும் அமைப்பு உள்ளது. தலைவன் அவருள் ஒருவனாக, ஏனைய எழுவர் துணையாகச் சேர்வர். ஆயின், சேர்ந்தபின் அவர் பேசுவது அரிது. அறத்தின் அடையாளமாக நின்று போரில் கை கொடுப்பதே அவர் தொழில்.

கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் படைக்க 1998 இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் இந்நிலையை மாற்றிற்று. அறுவர் கொண்ட குழுவில் ஐவர் துணைவராகலாம். அவர்க்குத் தனித்தனிப் பெயரும் பிறப்பும் நோக்கமும் பகையும் உண்டு. மின்ஸ்க் என்னும் வீரன், சிறைப்பட்ட டைனாகிர் என்பாளை மீட்குமாறு வேண்டிக் குழுவிற் சேர்வான். தலைவன் காலந்தாழ்த்தின் பொறுமையிழந்து மாறுபடுவான். எட்வின் என்னும் மந்திரவாதியோ அதே டைனாகிரைக் கொல்லுமாறு கேட்பான். ஒருவனுக்குத் துணையாதல் மற்றவனுக்குப் பகையாதலாய் முடிகின்றது. இதன்பின்னரே துணைமாந்தரைப் பற்றிய திறனாய்வுக்கு இடம் உண்டாயிற்று எனலாம்.

ஏவல் அமையும் முறை

துணைவரைக் கணிப்பொறி எங்ஙனம் இயக்குகின்றது என்பதை அறியாது அவர்தம் பண்பை ஆராய்தல் பொருந்தாது. பால்டர்ஸ் கேட்டில் ஒவ்வொரு துணைவனுக்கும் ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. 'இன்னது நிகழின் இன்னது செய்க' என்னும் விதிகள் அதில் நிரலே அமைந்திருக்கும். ஆடுவோன் ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஆணையிடுதலும் கூடும். கட்டளைத் தொகுதியை முற்றும் நீக்கிவிட்டால் துணைவர் ஏவும்வரை வாளா நிற்பர்.

2006 இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டசி பன்னிரண்டாம் பகுதி இவ்விதிகளை ஆடுவோன் கையிலேயே கொடுத்துவிட்டது. கேம்பிட் என்னும் அவ்விதி ஒவ்வொன்றும் 'யாரிடத்து, எந்நிலையில்' என்னும் ஒரு பகுதியும், 'என்ன செயல்' என்னும் மற்றொரு பகுதியும் உடையது. மேலுள்ள விதி முந்துறும். அது பொருந்தாவிடத்தே அடுத்தது இயலும். விதிகளைக் கடையில் பொன் கொடுத்து வாங்குதல் அவ்விளையாட்டின் வழக்கு. 2009 இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் இதனையொத்த முறையைப் பின்பற்றி, ஒருவன் கொள்ளும் விதிகளின் எண்ணிக்கையைப் போர்த்திறப் பயிற்சிக்கேற்ப மிகுத்தது.

இம்முறையால் விளைந்த நன்மை சிறிதன்று. துணைவன் வீணே மாண்டால் அது அவன் மடமையன்று. ஆடுவோன் எழுதிய விதியின் பிழையே. பிறரைக் கையாளத் தெரியாதான் தன் அறியாமையைத் தானே காண்கின்றான். ஆயினும், இங்கே ஓர் இழப்பும் உண்டு. விதி முழுவதும் ஆடுவோனுடையதாகிவிடின் துணைவனுக்கென எஞ்சுவது யாது? அஞ்சுவோனும் வெகுள்வோனும் ஒரே விதியைப் பெற்று ஒரே வகையாய்ப் பொருவர். பெயர் வேறு, முகம் வேறு, செயல் ஒன்று.

சொல்லும் செயலும்

மேற்கூறியது இவ்வகைப் படைப்புகளின் அடிப்படைக் குறையை நமக்குக் காட்டுகின்றது. துணைவன் பேசும்போது ஒருவன், பொரும்போது மற்றொருவன். பாசறையில் அவன் சொல் அவனுடையது. களத்தில் அவன் கை ஆடுவோனுடையது.

பால்டர்ஸ் கேட்டில் வரும் காலித் நாத்தழுதழுக்கும் அச்சமுடையவன். ஜாகிரா என்பாள் அவன் மனைவி, உறுதியான உள்ளத்தினள். இவ்விருவரின் வேறுபாடு உரையில் நன்கு விளங்குகின்றது. ஆயின், அக்காலித்தை ஆடுவோன் அறுவருள் முன்னே நிறுத்தி அரக்கர்மேல் ஏவினால், அவன் பெரும்பாலும் மறுப்பின்றிச் செல்கின்றான். மேலும், இருவருள் ஒருவரை நீக்கின் மற்றவரும் உடன் நீங்குவர் என அமைத்தமை இல்லறப் பிணைப்பைக் காட்டும் நல்ல உத்தியே. அதனைக் கடப்பதற்கு, வேண்டாதவரைப் போரில் மாயவிட்டு, வேண்டியவரை வைத்துக்கொள்ளும் சூழ்ச்சியையும் ஆடுவோர் கண்டனர். மாண்டவனின் துணை, கொன்ற சூழ்ச்சியை அறியாது உடன் நடக்கின்றாள். சொல்லில் கணவன் மனைவியாக இருப்போர் செயலில் இரு காய்களாகிவிடுதலை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

பிரிதலுரிமை

இக்குறையை நீக்கப் படைப்போர் கண்ட வழி பிரிதலுரிமையாகும். பால்டர்ஸ் கேட்டில் குழுவின் நற்பெயர் தாழின் நல்லோர் பிரிவர். மிக உயரின் தீயோர் பிரிவர். புகழும் தீயோர்க்குச் சுமையாகும் என்னும் நுட்பம் பாராட்டத்தக்கது.

டிராகன் ஏஜ் இவ்வுரிமையைத் தனித்தனி மனங்களுக்கு உரியதாக்கிற்று. துணைவர் ஒவ்வொருவரின் மதிப்பும் நூறு கீழிருந்து நூறு மேல்வரை எண்ணால் அளக்கப்பெறும். இதன்கண் நலமும் தீங்கும் ஒருங்கே உள. தீங்கை முதற்கண் கூறுவோம். பரிசில் கொடுத்து அவ்வெண்ணை உயர்த்தலாம். ஒருவனை உரையால் புண்படுத்தி, அன்றே பொருளால் ஆற்றிவிடலாம். பரிசிலின் பயன் கொடுக்குந்தோறும் குறையுமாறு அமைத்துள்ளனர் எனினும், நட்பை விலை பேசும் இழுக்கு அதனால் நீங்கவில்லை. மதிப்பு உயரின் துணைவனின் போராற்றலும் உயரும் என்பது இழுக்கை மிகுவிக்கின்றது. அன்பு ஊதியத்திற்கு ஏதுவாகிவிடுகின்றது.

இனி நலத்தைக் காண்போம். எண்ணுக்கு அடங்காத நிகழ்ச்சிகள் சில அப்படைப்பில் உள. ஸ்டென் என்னும் படைவீரனின் மதிப்பைப் பெறாத தலைவன், உலகை அழிக்கும் பகையை விட்டு விலகிப் புனிதச் சாம்பலைத் தேடி ஹேவன் என்னும் ஊருக்குச் செல்வானாயின், அவன் தலைமையையே ஸ்டென் வினவிப் போருக்கு அழைப்பான். அச்சாம்பலை மாசுபடுத்தின் வின் என்னும் மூதாட்டி வாளாவிராள். தலைவனை எதிர்த்துப் பொருவாள். அலிஸ்டரின் ஆசானைப் போர்க்களத்தில் கைவிட்ட லோகெய்னை மன்னித்துக் குழுவிற் சேர்ப்பின், அலிஸ்டர் உடன் நில்லான். எத்துணைப் பரிசில் கொடுத்திருப்பினும், எத்துணை நாள் தோளோடு தோள் நின்று பொருதிருப்பினும், அவனைத் தடுத்தல் இயலாது. இவ்விடத்தே ஆடுவோன் திடுக்குறுகின்றான். தன் கைக்கருவி என எண்ணியவன் தனக்கெனவும் ஓர் அறம் உடையவன் என்பதை அவன் உணர்கின்றான். 2023 இல் பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் மூன்றாம் பகுதியிலும், அடைக்கலம் புகுந்தோர் வாழும் தோப்பைத் தலைவன் சூறையாடின் கார்லாக், வில் ஆகிய இருவரும் பிரிந்துவிடுகின்றனர். களத்தில் அவர்தம் ஒவ்வோர் அடியையும் ஆடுவோனே வைக்கும் விளையாட்டு அது. எனினும், அவர் மனத்தை அவன் வைக்க இயலவில்லை.

விதியும் உரிமையும்

ஈண்டு ஒரு தடை எழும். 'இப்பிரிவும் முன்னரே எழுதிவைத்த விதியன்றோ? ஏவலுக்கு இணங்குதல் ஒரு விதி. பிரிதல் மற்றொரு விதி. இரண்டும் விதியாயின் ஒன்றை உரிமை என்றும் மற்றொன்றை அடிமை என்றும் கூறுதல் எங்ஙனம்?' என்பர் சிலர்.

இத்தடைக்கு விடை நம் பொருளிலக்கணத்திலேயே உண்டு. தோழி இன்ன இன்ன நிலைகளில் கூற்று நிகழ்த்துவாள் எனத் தொல்காப்பியம் விதிக்கின்றது. நிலை இது, கூற்று இது என்னும் அவ்வமைப்பு, மேற்காட்டிய கட்டளைத் தொகுதியின் அமைப்பினின்றும் வடிவத்தால் பெரிதும் வேறுபட்டதன்று. ஆயினும், அகப்பாடல் கற்றார் எவரும் தோழியைப் பாவை எனக் கூறார். அவள் தலைவனைச் சேட்படுக்கின்றாள். இரவில் வரும் ஏதம் கூறி விலக்குகின்றாள். உரிய காலத்தில் அறத்தொடு நிற்கின்றாள். பாங்கனும் தலைவனைக் கழறுதற்கு உரியன். இவர் தமக்கென இயற்பெயர் இல்லாதவர். முற்றும் மரபுக்கு உட்பட்டவர். எனினும், தன்னுரிமை உடையவராக நமக்குத் தோன்றுகின்றனர். ஏன்? அவர்க்கு வகுத்த விதி தலைவனின் விருப்பத்தை நிறைவேற்றுதற்கென்றே வகுத்த விதியன்று. தலைவியின் நலமும் அறமும் நோக்கி அமைந்த விதி அது.

எனவே, விதிக்கு உட்பட்டமை குறையன்று. அவ்விதி யாருடைய நலத்தை நோக்குகின்றது என்பதே வினாவாகும். ஆடுவோனின் வெற்றியை மட்டும் நோக்கும் விதி துணைவனைக் கருவியாக்கும். துணைவனின் இயல்பையும் அறத்தையும் நோக்கும் விதி அவனைக் கதைமாந்தனாக்கும்.

ஏவலே கதைப்பொருளாதல்

சொல்லும் செயலும் பிரிந்து நிற்கும் குறையை மறைக்காது, அதனையே கதைப்பொருளாக்கிய படைப்பொன்று உண்டு. பிளாக் ஐல் நிறுவனம் படைக்க 1999 இல் வெளிவந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் என்பதே அது. அதன் தலைவன் பெயரற்றவன். இறந்து இறந்து எழுபவன். எழுந்தோறும் பண்டை நினைவை இழப்பவன். டக்கோன் என்னும் வாள்வீரன் அவனுக்குத் துணையாகச் சேர்ந்து, ஏவியதைச் செய்கின்றான். ஆடுவோனுக்கு இது புதுமையன்று. இவ்வகை விளையாட்டுகளில் துணைவர் யாவரும் அங்ஙனமே செய்வர்.

கதை வளருந்தோறும் அவ்வேவலின் வேர் புலனாகின்றது. முற்பிறப்பொன்றில் தலைவன், ஐயத்தால் தன் நகரை இழந்து சாகும் நிலையிற் கிடந்த டக்கோனுக்கு அவன் இனத்தின் அறிவுரை பொறித்த வட்டம் ஒன்றைக் கொடுத்துக் காத்தான். அதற்கு ஈடாக, 'நீ இறக்கும்வரை உன்னைத் தொடர்வேன்' என்னும் சூளினை டக்கோன் உரைத்தான். தலைவனோ இறவாதவன். ஆகவே அச்சூள் முடிவற்ற அடிமையாயிற்று. டக்கோனின் வாளைத் தனக்குப் பயன்படுத்துதற்காகவே தலைவன் அங்ஙனம் காத்தான் என்பதும் பின்னர் வெளிப்படுகின்றது.

இதனை அறிந்தபின், ஆடுவோன் டக்கோனுக்கு இடும் ஒவ்வோர் ஆணையும் பழைய வஞ்சனையின் தொடர்ச்சியாகின்றது. அவன் மறுப்பின்றிச் செல்லுதல் அதுவரை வசதியாக இருந்தது. இனி அது முள்ளாய்த் தைக்கின்றது. அவ்வட்டத்தின் உட்பொருளை அவனுடன் அமர்ந்து ஆராய்ந்து, அவனது ஐயத்தைக் களைதலும் ஆடுவோனுக்குக் கூடும். அங்கே கற்பித்தவன் கற்பவனாகின்றான். பிற விளையாட்டுகள் துணைவனுக்குப் பிரிதலுரிமை தந்து அவனை உயிர்ப்பித்தன. இப்படைப்போ பிரிய இயலாமையைக் காட்டியே அவனை உயிர்ப்பித்தது. மறுக்க வேண்டிய ஒருவன் மறுக்க இயலாது நிற்பதை ஆடுவோனே உணருமாறு செய்தமையின், ஏவல் என்னும் ஆட்டவிதி அவலச் சுவைக்கு நிலைக்களமாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், துணைமாந்தரைக் கையாளுதல் வெறும் போர்த்திறன் மட்டுமன்று என்பது பெறப்படும். ஏவல் தவறாத துணைவன் வெற்றிக்கு உதவுவான். அதனை நாம் மறுக்கவில்லை. வாயிலை அடைத்து நிற்கும் துணைவனை உரிமையுடையவன் எனப் போற்றவும் இல்லை. அஃது அமைப்பின் பிழையே. ஆயின், விளையாட்டு முடிந்தபின் நம் நினைவில் நிற்போர் பணிந்தவரல்லர். நம் செயலைக் கண்டு முகந்திருப்பிச் சென்ற அலிஸ்டர் நிற்கின்றான். செல்ல இயலாது உடன் வந்த டக்கோன் நிற்கின்றான்.

இவ்வகை விளையாட்டுகளை மதிப்பிடப் புகுவோர், துணைவர் எத்துணை நன்கு ஏவல் கேட்கின்றனர் என்பதோடு நின்றுவிடலாகாது. எவ்விடத்தே, எதன்பொருட்டு அவர் மறுக்கின்றனர் என்பதையும் வினவுதல் வேண்டும். இடித்துரைக்கும் பாங்கனையும் சேட்படுக்கும் தோழியையும் கற்ற நமக்கு அவ்வினா புதிதன்று. அவ்விருவரைக் கற்ற கண்ணோடு இப்புதிய கலையையும் நோக்குதல் தமிழ் மாணவர்க்குத் தகும் என்க.