பஸ்ஸில் போன படமும் காரில் போன படமும்

அமெரிக்கா என்றால் கார், ஐரோப்பா என்றால் ரயில். இப்படி ஒரு வாய்ப்பாடு எங்கள் ஆபீஸ் கேன்டீனில் அடிக்கடி ஒப்பிக்கப்படும். அமெரிக்காவில் இருந்த வருடங்களில் நானும் ஒப்பித்தவன்தான். பழைய கொரோலா ஒன்றில் இன்டர்ஸ்டேட்டில் நாள் முழுக்க ஓட்டுவேன், ராத்திரி மோட்டல், மறுநாள் மறுபடி. வழியில் ஒரு மனிதரிடம்கூடப் பேச வேண்டியதில்லை, பெட்ரோல் பம்ப்பில் கார்டைத் தேய்த்தால் போதும். அப்போது அதைச் சுதந்திரம் என்று நினைத்தேன்.

வாய்ப்பாடு முழுக்கச் சரியில்லை. காருக்கென்றே போட்ட நெடுஞ்சாலையை இத்தாலி 1924-லேயே மிலானுக்கு அருகில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சட்டம் 1956-ல்தான் வந்தது. ஆனால் சினிமாவில் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' காலிச் சாலையைக் காட்டி ஆசை மூட்டுகிறது (நல்லபடியாக முடியவில்லை என்பது வேறு விஷயம்). அதற்கு இரண்டு வருடம் முன்பே கொதார் 'வீக்கெண்ட்' படத்தில் ஒரு டிராஃபிக் ஜாமை நிமிடக்கணக்கில் விடாமல் காட்டிக் காரையே கிண்டல் செய்துவிட்டார்.

சரி, நம்ம ஊர் எந்தப் பக்கம்?

இந்தக் கேள்வியோடு போன மாதம் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' பார்த்தேன். 1966-ல் வந்தது, திருமலை-மகாலிங்கம் இயக்கம். ரவிச்சந்திரன், கல்பனா, கண்டக்டராக நாகேஷ். ரோட் படம் என்று சொல்லிக்கொண்டாலும் சாலையைப் பெரிதாகப் பார்க்க முடியாது. பார்ப்பதெல்லாம் ஆட்கள்தான். ஓடிவந்த பெண், துரத்துபவர்கள், சண்டை போடும் பயணிகள், பகோடாவுக்கு ஏங்கும் ஒரு பையன். அந்தப் பையனாக நடித்தவருக்குக் கடைசிவரை 'பகோடா' காதர் என்றே பெயர் நின்றுவிட்டது. கதை மெலிசு, சில இடங்களில் இழுவை. ஆனாலும் படம் நிற்கிறது. காரணம் அந்த பஸ்தான். யார் பக்கத்தில் உட்காருவது என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. நகைச்சுவை முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. இந்தியில் 'பாம்பே டு கோவா' (1972) என்று எடுத்தபோதும் பஸ்ஸை மாற்றவில்லை.

ஹாலிவுட்டும் பஸ்ஸில்தான் ஆரம்பித்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1934-ல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்'டில் பணக்காரப் பெண் ஏறுவது ஒரு ராத்திரி பஸ்ஸில். அதைத்தான் நம்ம ஏவிஎம் 'சோரி சோரி' என்று இந்தியில் எடுத்தது. அது வந்த வருடம் 1956, அமெரிக்கா இன்டர்ஸ்டேட் சட்டம் போட்ட அதே வருடம். தற்செயல்தான்.

'அன்பே சிவம்' (2003) இந்த பஸ் பரம்பரையின் உச்சம் என்பேன். விமானத்தில் போக வேண்டிய அன்பரசு மழையில் புவனேஸ்வரில் மாட்டிக்கொண்டு, கிடைத்த வண்டியில் எல்லாம் நல்லசிவத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறான். வசனத்தில் பிரசங்க வாடை அதிகம், எனக்கு அது எப்போதுமே உறுத்தும். ஆனால் படத்தின் அரசியல் நிஜமாக நடப்பது வசனத்தில் இல்லை, சீட்டில். ஆளுக்கு ஒரு கார் இருந்திருந்தால் இருவரும் பேசியே இருக்க மாட்டார்கள்.

ஏழு வருடம் கழித்து லிங்குசாமியின் 'பையா'. பெங்களூரிலிருந்து மும்பை வரை கார்த்தி, தமன்னா, ஒரு கறுப்புக் கார். யுவனின் பாட்டுகளை இன்றைக்கும் ஈசிஆரில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவனித்துப் பாருங்கள். காருக்குள் இருப்பவர்கள் காதலர்கள், வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அடியாட்கள். அந்நியர் என்றாலே ஆபத்து என்று ஆகிவிட்டது. 1966-ல் வில்லனும் அதே சாலையில்தான் வந்தான், ஆனால் பஸ் முழுக்க வேறு அந்நியர்களும் இருந்தார்கள்.

இது சினிமாவோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 1953-ல் டிராமை நிறுத்திய ஊர் இது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தபோது, நான் கேட்ட முதல் கேள்வி "பார்க்கிங் எங்கே?" என்பதுதான். மயிலாப்பூரில் திருமயிலை ஸ்டேஷன் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. மகளை அதில் அழைத்துப்போனது மொத்தமே இரண்டு தடவை. காலிச் சாலை இல்லாத ஊரில் அமெரிக்கக் கனவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அடையாறு சிக்னலில் நின்றபடி.

'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யை அவளும் பாதி பார்த்தாள். வயது பதினொன்று. நாகேஷுக்குச் சிரித்தாள், பகோடாவுக்கு இன்னும் அதிகமாக. நடுவில் நிறுத்தி ஒன்று கேட்டாள்: "அப்பா, முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் எப்படிப்பா ஒரே வண்டில அவ்ளோ தூரம் போறாங்க?" நான் பதில் யோசிப்பதற்குள் என் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "இவன் அவ்ளோ தூரம் என் மடியில உக்காந்துதான்டி போனான். பாதி வழி பக்கத்து சீட்டு மாமி மடியில."

அந்த மாமி யாரென்று அம்மாவுக்கும் தெரியாதாம்.