அங்காடித் தெருவில் காணாத முகம்

கடையில் நின்று துணி விரிப்பவனையும் உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறுபவனையும் நம் திரையும் எழுத்தும் பெரும்பாலும் சிரிப்பதற்காகவே கண்டுகொண்டன. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ அந்த வழக்கத்திலிருந்து ஓரளவு விலகி நின்ற படம். கே. பாலசந்தரின் கதையும் கிருஷ்ணன் பஞ்சுவின் இயக்கமும் நாகேஷின் நடிப்பும் சேர்ந்து, சர்வருக்கும் ஒரு நெஞ்சுண்டு என்பதைச் சொல்லிவிட்டன. ஆயினும் உலகத்தின் மதிப்பு சுந்தரத்தைத் தேடி வருவது அவன் துண்டைக் கழற்றி வைத்து நடிகனான பின்னர்தான். தட்டு ஏந்திய கையோடு அவன் நின்ற நாளில் அவனை யார் மதித்தார்கள் என்று கேட்டால், அந்தப் படத்திடம் நிறைவான விடை இல்லை.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்து, 2010 மார்ச்சில், வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தது. வசனம் ஜெயமோகன். சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவே படத்தின் களம். அந்தத் தெருவில் நெரிசலில் நசுங்கி, கைக்குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு முறையேனும் நடக்காத குடும்பம் தமிழகத்தில் குறைவு. அப்படி நடந்தவர்கள் கடையின் முன்பக்கத்தை மட்டுமே கண்டவர்கள். இந்தப் படம் பின்பக்கத்துக் கதவைத் திறந்து காட்டியது.

தந்தையை விபத்தில் பறிகொடுத்த ஜோதிலிங்கம், பள்ளியில் நன்றாகப் படித்தவன், குடும்பத்திற்காகக் கடை வேலைக்கு வருகிறான். ஆள் எடுக்கும் இடத்திலேயே படம் தன் கூர்மையைக் காட்டிவிடுகிறது. தகப்பனற்றவனா, வீட்டில் தங்கை இருக்கிறாளா என்று பார்த்துப் பொறுக்குகிறார்கள். இரக்கத்தினால் அல்ல. அத்தகையவன் எதிர்த்துப் பேசமாட்டான்; வேலையை விட்டு ஓடவும் மாட்டான். வறுமையைத் தகுதியாகக் கொள்ளும் இந்தக் கணக்கை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதாக நாம் அறியோம். பிறகு உறங்கும் கூடம் வருகிறது. உடலோடு உடல் ஒட்டிப் படுக்கும் இடம். உணவுக் கூடத்தில் தள்ளுமுள்ளு. தாமதித்த நிமிடங்களுக்குச் சம்பளப் பிடித்தம். மேற்பார்வையாளன் கருங்காலியின் கை ஆண் பிள்ளைகளை அடிக்கிறது. பெண் பிள்ளைகளை அதைவிடக் கேவலமாகத் தீண்டுகிறது. காதல் வெளிப்பட்ட குற்றத்திற்காகச் செல்வராணி என்ற பெண் மாடியிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். கனியாக வரும் அஞ்சலியின் முகத்தில் அழுகைக்கும் சீற்றத்திற்கும் இடையே ஓர் உறுதி நிற்கிறது. அந்த உறுதிதான் படத்தைப் புலம்பலாகிவிடாமல் காப்பாற்றுகிறது.

முடிவுப் பகுதியில், நடைபாதையில் உறங்குவோர்மீது லாரி ஏறிக் கனி கால்களை இழப்பதைச் சிலர் மிகை என்றனர். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். நின்று நின்றே பிழைத்த கால்கள் அவை என்பதை எண்ணிப் பார்த்தபோது அந்தக் குறை தேய்ந்தது. முழுவதும் மறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவு பாராட்டிய பின்னர், நம்மை இத்தனை ஆண்டுகளாக உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தில் முதலாளிக்கு முகம் உண்டு. மேற்பார்வையாளனுக்கு முகம் உண்டு. விளம்பரத்திற்கு வரும் நடிகை சினேகாகூடத் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றுகிறார். தெருவில் கழிப்பறையைக் கழுவிப் பிழைப்பவனுக்கும் ஒரு கதை கிடைத்திருக்கிறது. வாங்க வருகிறவனுக்கு மட்டும் முகம் இல்லை. அவன் கூட்டம், அலை, காமிராவின் கீழே நகரும் தலைகள். ஓரிரு இடங்களில் வாய் திறந்தாலும் அவன் ஒரு மனிதனாகக் கதைக்குள் வருவதில்லை. எனவே படம் முடிந்து விளக்கு எரிந்ததும், “அடப்பாவி, இப்படியும் ஒரு முதலாளியா!” என்று மனமுருகி வெளியே வருகிறோம். நம் கைப்பையில் இருக்கும் துணி யார் மடித்தது என்ற கேள்வி எழுவதில்லை. கருங்காலியைத் திட்டிவிட்டால் நம் பங்கு தீர்ந்தது என்ற நிம்மதியோடு நம்மை வீட்டிற்கு அனுப்பிவிடுகிறது படம்.

உண்மை அவ்வளவு வசதியானதல்ல. கருங்காலியின் கை எந்த நேரத்தில் ஓங்குகிறது? வந்தவர் வாங்காமல் போகும்போது. “உங்கள் ஆள் சரியாக எடுத்துக் காட்டவில்லை” என்று கல்லாவில் நின்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகும்போது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் வீட்டிற்குப் போய் மறந்துவிடுவார். கேட்டவனின் அன்றைய இரவு அதனால் எப்படிக் கழிந்தது என்பதை அவர் அறியமாட்டார். முதலாளியின் கோலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். அடி விழும்போது அங்கே இல்லாமலும் போய்விடுகிறோம்.

நாற்காலி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கடைப் பெண்கள் உட்கார ஆசனம் வேண்டும் என்று இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனம் என்பது அதன் கணக்கு. நம் பக்கத்திற்கு அந்த ஆசனம் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி என்ற பெண்மணி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் போராடினார். கடையில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்த பெண்கள் அவர்கள். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லாப் பணியாளர்க்கும் இருக்கை வேண்டும் என்றது. நாள் முழுவதும் நிற்பவர் கால் வீங்குவதும் நரம்பு சுருண்டு புடைப்பதும் மருத்துவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கடையில் தலை குனிந்து பார்த்தாலே தெரியும்.

நாற்காலி ஏன் இத்தனை காலம் மறுக்கப்பட்டது? இடமில்லை என்பதாலா? நான்கு மாடிக் கட்டிடத்தில் ஒரு முக்காலிக்கு இடமில்லாமல் போகாது. சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வருகிறவர் அதை அவமதிப்பாகக் கருதுவார் என்பதே உள்ளே கிடந்த நியாயம். அதாவது, நம் பெயரைச் சொல்லியே அவர்களை நிற்க வைத்தார்கள். “எங்களுக்காக நிற்க வேண்டாம்” என்று நாம் ஒருநாளாவது சொன்னதுண்டா?

உணவு விடுதிகளைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. அங்கே நம் குரலே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே அனைவரையும் ‘தாங்கள்’ என்று அழைக்கும் பண்பாளர்கூட, மேசையின் முன் அமர்ந்ததும் விரலைச் சொடுக்கி “டேய்” என்கிறார். பரிமாற வருபவர் வடக்கேயிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்த இளைஞராயிருந்தால், மொழி தெரியாதது அவருடைய குற்றமாகவே ஆகிவிடுகிறது. சாம்பாரில் உப்புக் குறைந்தால் சமைத்தவரை நாம் காண்பதில்லை. கொண்டுவந்தவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். நம் இலைக்கு ஓயாமல் சோறு கொண்டுவரும் அவர் பகல் உணவு உண்ணும்போது பெரும்பாலும் மணி நான்காகியிருக்கும்.

இந்த இடத்தில் ஜெயமோகனின் ‘சோற்றுக் கணக்கு’ என்ற சிறுகதை நினைவுக்கு வருகிறது. 2011இல் வெளியான ‘அறம்’ தொகுதியில் உள்ள இக்கதையை நம் வாசகர் பலர் அறிவர். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கெத்தேல் சாகிப் நடத்தும் சோற்றுக்கடை. பணம் கேட்பதில்லை. உண்டியலில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, ஏறிட்டுப் பார்க்கமாட்டார். பசித்த மாணவன் கூச்சத்தோடு கை மறித்தால் அதட்டி மேலும் சோற்றைக் கொட்டுவார். அவன் சம்பாதிக்கத் தொடங்கிய பின், ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொண்டுவந்து உண்டியலில் திணிக்கிறான். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எப்போதும்போல் சோறு, எப்போதும்போல் அதட்டல்.

இக்கதையைச் சாகிபின் வள்ளன்மைக்காகவே பலரும் போற்றுகின்றனர். நாம் அதை வேறொரு காரணத்திற்காக மதிக்கிறோம். ‘அங்காடித் தெரு’வில் காணாத முகம் இதில் இருக்கிறது. கதையைச் சொல்பவன் உண்ண வந்தவன். தனக்குச் சோறு போட்ட கைக்கும் தனக்கும் இடையே ஒரு கணக்கு உண்டு என்பதை உணர்ந்து, அதைப் பணத்தால் தீர்க்க முயன்று, அது தீராதது என்று கண்டுகொண்டவன் அவன். இந்த மனத்தவிப்பு நம் இலக்கியத்திற்கு மிகவும் வேண்டியது. எனினும் ஒரு வரம்பையும் குறித்தாக வேண்டும். சாகிப் தம் கடையில் தாமே பரிமாறுகிறவர். அதட்டும் உரிமை அவருக்கு உண்டு. மாதச் சம்பளத்திற்குப் பரிமாறுகிறவன் அதட்ட முடியாது, அதட்டப்படுவான். அவனிடம் நாம் பட்ட கடனைச் சொல்லும் கதை இன்னொன்று.

அதை எழுதும் தகுதி நம் குடும்பங்களுக்கு நிரம்ப உண்டு. கொழும்பிலும் பினாங்கிலும் கடைகளில் நின்ற அப்பாமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்கும் நம் சபுராளிப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளின் கஃபட்டீரியாக்களிலும் குரோசரிகளிலும் பிறர் ஏவலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். விடுப்பில் வந்து உம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும்போது அவர்கள் சொல்லாமல் விழுங்கும் சொற்கள் எத்தனை! அங்கே யாரோ ஒருவன் அவர்களைப் பெயர் சொல்லாமல் கைதட்டி அழைத்தான் என்று கேட்டால் நம் வயிறு எரிகிறது. அதே பிள்ளை அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு, நோன்பின் கடைசிப் பத்தில், தராவீஹ் முடிந்த கையோடு நாம் துணிக்கடைக்குப் போகிறோம். இரவு பதினொரு மணிக்கும் கூட்டம். நின்று எடுத்துக்கொடுக்கும் பெண்ணுக்கு அது காலையிலிருந்து தொடரும் பகல். நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி, “ஒன்றும் சரியில்லை” என்று எழுந்து போவது நமக்கு ஓர் உரிமையாகவே தோன்றுகிறது.

தேர்ந்தெடுப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. காசு கொடுப்பவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரித்ததை மடிப்பவரும் ஒருவர் உண்டு என்ற நினைவு இல்லாதிருப்பதையே சொல்கிறோம்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் நாமும் குடும்பத்தோடு அப்படியொரு கடையில் இருந்தோம். எங்களுக்கு மெத்தையிட்ட நாற்காலிகள். எதிரே இருபது வயதிருக்கும் ஒரு பெண். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. சட்டத்திற்காக வைத்தது போலும். அதன்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எங்கள் வீட்டார், “கொஞ்சம் உட்காரும்மா, நாங்கள் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். அந்தப் பெண் கூரையின் மூலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “வேண்டாம்மா, கேமரா இருக்கு. நீங்க இருக்கும்போது உட்கார்ந்தா கேப்பாங்க” என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை. விரித்த சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். அதற்குள் எங்கள் மகள் மேலடுக்கைச் சுட்டிக்காட்டி, “அந்தப் பச்சையையும் எடுங்க அக்கா” என்றாள். அவர் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார்.