பட்டியின் பதம்
ஒரு கை அள்ளினாலும் அள்ளியதே தெரியாத வெள்ளைப் பொடி. ஒவ்வொரு துகளும் உள்ளே ஒன்றுமில்லாத கண்ணாடிக் குமிழி. மீஞ்சூரை அடுத்த அத்திப்பட்டில் அனல் மின் நிலையச் சாம்பலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல; நிலக்கரிச் சாம்பலிலும் தண்ணீரில் மிதக்கும் இத்தகைய குமிழிகள் உண்டு. மேடுபள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியில் கல்மாவு கலந்தால் கனக்கும், தேய்க்க முரண்டு பிடிக்கும். குமிழிப் பொடி கலந்த பட்டியோ உப்புத்தாளுக்கு இணங்கிப்போகும். சொந்தமாக ஃபைபர் விமானம் கட்டுகிறவர்கள் இதை நாடுவது அதனால்தான். இறக்கையில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் எஞ்சின் அல்லவா தூக்க வேண்டும்!

பதத்தில்தான் கைத்திறன். எபாக்சிப் பிசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் கலந்த பிறகே பொடியைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். இட்லி மாவானால் வழிந்துவிடும். வடை மாவுபோல் குச்சி நுனியில் மடியாமல் நிற்க வேண்டும். பூசிய பட்டி இறுகியதும் தேய்ப்பு. விமானமானாலும் பழவேற்காட்டு ஃபைபர் படகானாலும் தேய்ப்பவருக்கு வேண்டியது ஒரே பொறுமை. நீளக் கட்டையில் சுற்றிய உப்புத்தாள் முதலில் கரகரக்கும். மேடு கரையக் கரையச் சரசரக்கும். கடைசியில் கண்ணை மூடி உள்ளங்கையால் ஒரு தடவல். கண் தவறவிட்ட பள்ளத்தைக் கை சொல்லிவிடும். பெயின்ட் ஏறியதும் எல்லாம் மறைந்துபோகும். வெளிச்சம் மட்டும் எங்கும் தடுக்காமல் வழுக்கிப் போகும்.