ஊர்வனவற்றின் தோற்புண்ணும் 'குருத்தணு' என்னும் கலைச்சொல்லும்

ஸ்டெம் செல் என்பதற்குத் தமிழில் வழங்கும் 'குருத்தணு' அழகிய சொல்லாக்கம். எனினும், குருத்து என்றதும் பனை, தென்னையின் உச்சியில் புதிதாக எழும் இளவோலையே நினைவில் எழுகிறது. புண்ணில் செலுத்தப்பட்ட அணு தானே முளைத்துத் தோலாகிவிடும் என்னும் எதிர்பார்ப்பையும் இச்சொல் உடன் கொணர்கிறது. ஊர்வனவற்றின் தோற்புண் சிகிச்சையைத் தமிழில் விளக்க முற்படும்போது இவ்வெதிர்பார்ப்பு வழிதவறச் செய்யும்.

'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்னும் பெயரை 1991இல் வழக்கிற்குக் கொணர்ந்த ஆர்னால்டு கேப்லன், அப்பெயரை மாற்றவேண்டும் என 2017இல் எழுதினார். உடலில் செலுத்தப்படும் இவ்வணுக்கள் புதிய திசுவாக மாறுவதைவிட, தாம் சுரக்கும் பொருள்களால் அங்குள்ள அணுக்களைத் தூண்டுகின்றன என்பது அவர் வாதம். பெயர் சூட்டியவரே கைவிட்ட பொருளைத் தமிழ்ச்சொல் இன்னும் அழுத்தமாகச் சுமக்கிறது.

ஊர்வனவற்றில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. சிறுத்தைப் பல்லியின் வாலில் மட்டுமன்றி உடல் தோலில் ஏற்படுத்திய புண்ணும் வடுவின்றி ஆறுவதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. மருந்தே இல்லாமல் இவ்வாறு ஆறும் விலங்கில், மருந்திடாத புண்ணோடு ஒப்பிடாமல் 'குருத்தணுவால் ஆறியது' என முடிவுகட்டுவது பிழை. சூழலின் வெப்பநிலையும் சட்டை உரிப்பும் ஆறும் வேகத்தைப் பாதிப்பதால், அவற்றைக் குறிப்பிடாத ஒப்பீடும் பயன்தராது.

இயல்பான ஆறுதலை அறியும் வாய்ப்பு தொலைவில் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில், வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளமிட்டு அவற்றைக் காட்டில் விடுவது அங்குள்ள வழக்கம். அண்மையில் நஞ்செடுத்த பாம்பு மீண்டும் பிடிபட்டால் இனங்காண்பதற்கே இவ்வேற்பாடு. சில முறை சட்டை உரித்தபின் அடையாளம் மறைந்துவிடும். ஆய்வு நோக்கில் இது, இடமும் நாளும் தெரிந்த தோற்காயம். ஆழ்ந்த புண்ணுக்கோ தீக்காயத்துக்கோ இது ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், மீண்டும் பிடிபடும் பாம்பின் வெட்டு எந்நிலையில் உள்ளது என்பதை நாளோடும் இனத்தோடும் குறித்துவைத்தால், புதிய சிகிச்சையை ஒப்பிட்டு நோக்க ஓர் உள்ளூர் அளவுகோல் கிடைக்கும். கலைச்சொல்லைப் பொறுத்தவரை, 'குருத்தணு'வை முற்றிலும் நீக்க வேண்டியதில்லை. கருவிலிருந்து பெறும் அணுவுக்கு அது பொருந்தும். கேப்லன் சுட்டிய வகைக்குத் 'தூண்டணு' போன்றதொரு தனிச்சொல் வேண்டும்.